அதே கடை எண்ணெய்

அம்மாவை நிற்க வைத்தே பேசினார்கள். பிரின்சிபால் அறையில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. மூன்றாவதில் யாருடைய கைப்பையோ உட்கார்ந்திருந்தது. அம்மா கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்திருந்தாள். கையில் மிளகுத்தூள் வாசனை போகவில்லை. நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"ஏழு பிள்ளைங்க வாந்தி எடுத்திருக்காங்க. உங்க கடை எண்ணெய் கறுத்துப்போய் இருந்துச்சுன்னு பிள்ளைங்களே சொல்றாங்க," என்றார் பிரின்சிபால்.

"எந்தப் பிள்ளை சொல்லுச்சு மேடம்?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

அம்மாவின் கடை பள்ளி வாசலுக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. உருளைக்கிழங்கு வறுவலும் தேநீரும்தான் வியாபாரம். நான்கு வருஷமாகப் பள்ளியின் காலை இடைவேளைக்கு வறுவல் கொடுத்து வந்ததும் அவள்தான். அது அன்றோடு நின்றது. இனி அந்தக் கடைப் பொருள் எதுவும் காம்பவுண்டுக்குள் வரக்கூடாது என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினார்கள். பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் அதை ஒவ்வொரு நாளும் கடந்து போக வேண்டியிருந்தது.

எந்தப் பிள்ளை சொன்னது என்று எனக்குத் தெரியும். அப்போது எங்கள் வகுப்புத் தலைவி, இந்த வருஷம் பள்ளிக்கே மாணவர் தலைவி ஆனவள். நான் அவளைத் தலைவி என்றே சொல்கிறேன். அவளுடைய அப்பா பெற்றோர் சங்கத்துக்குத் தலைவர். குடும்பத்துக்கே தலைமைதான் தொழில்.

நடந்தது இதுதான். போன வருஷ ஆண்டு விழாவில் எங்கள் வகுப்பு உணவுக்கடையில் இரண்டு பண்டங்கள். நான் வறுவல் பொரித்தேன், அம்மா கடை எண்ணெயில். அவிச்ச முட்டையை மசித்து வெள்ளை சாஸில் கலந்து பன்னுக்குள் வைத்துக் கொடுப்பது தலைவியின் பொறுப்பு. காலையில் வீட்டிலிருந்து கலவையைப் பெரிய பாத்திரத்தில் கொண்டுவந்தவள், அதைக் கார் டிக்கியிலேயே விட்டுவிட்டு மேடை நடனத்துக்கு ஒத்திகை பார்க்கப் போய்விட்டாள். கார் நின்றது மரநிழலே இல்லாத மைதானத்தில். மூன்று மணி நேரம் கழித்து அவள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நான்தான் கை கொடுத்து இறக்கினேன். மூடியோரம் கசிந்திருந்தது, கை சுட்டது.

"ஏய், இது கெட்டுப்போயிருக்கும் போலிருக்கே," என்றேன்.

"உனக்கு உருளைக்கிழங்கு வேலை. அதைப் பாரு," என்றாள்.

வாந்தி எடுத்த ஏழு பேரும் பன் சாப்பிட்டவர்கள். இதை நான் பிரின்சிபாலிடம் சொன்னேன். "அம்மாவைக் காப்பாத்தணும்னு நீ நினைக்கிறது இயற்கைதான்," என்று என் தலையைத் தடவிக் கொடுத்தார். அந்தத் தடவலுக்கு ஓர் அறையே தேவலை.

அப்புறம் என் பெயர் 'எண்ணெய்' ஆனது. வைத்தவள் தலைவி. நான் வகுப்புக்குள் நுழைந்தால் முதல் பெஞ்சு மூக்கைப் பிடித்துக்கொள்ளும். விளையாட்டு ஆசிரியர்கூட ஒருநாள் வாய் தவறி, "எண்ணெய், பந்தை எடு," என்றுவிட்டார். அம்மாவின் கடைக்குப் பிள்ளைகள் வருவது பாதியாகக் குறைந்தது. வந்தவர்களிலும் யாராவது வாணலிக்குள் எட்டிப் பார்த்தால் அம்மாவின் முகம் சுருங்கிவிடும். அவள் தினமும் சாயங்காலம் மிச்ச எண்ணெயைச் சோப்பு செய்கிறவருக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் புது எண்ணெய் ஊற்றுகிறவள். அதை யாரிடம் போய்ச் சொல்வது? கேட்கிறவர்கள் வேண்டுமே.

நான் அழவில்லை. ஒரு வருஷம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். தூங்கும்போதுகூடக் கடித்தேன் என்று அம்மா சொல்வாள்.

இந்த வருஷம் ஆண்டு விழா அறிவிப்பு வந்தது. எங்களைப் பிரித்திருந்தார்கள், தலைவி பதினொன்று 'ஏ', நான் 'பி'. எங்கள் வகுப்பில் கடைப் பொறுப்பை யாரும் ஏற்க முன்வரவில்லை. நான் கையைத் தூக்கினேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"நீயா?" என்றாள் நெட்டச்சி. எங்கள் வகுப்பிலேயே உயரமானவள், மனசில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவள். "எண்ணெய்க்காரி கடைன்னா எவன் வருவான்?"

"வருவாங்க. வரலைன்னா என்னைக் கேளு."

முதலில் எனக்குத் தோன்றிய யோசனை ரொம்பச் சின்னப் புத்தி. 'ஏ' பிரிவு நூடுல்ஸ் போடப்போகிறது என்று தெரிந்ததும் மருந்துக்கடையில் பேதி மாத்திரை வாங்கி, அம்மிக்குழவியால் நசுக்கிப் பொட்டலம் கட்டினேன். அதைப் புத்தகப் பைக்குள் வைக்கும்போது அம்மா பார்த்துவிட்டாள்.

"என்ன பொட்டலம்?"

பொய் சொல்ல முயன்றேன். அவள் பிரித்து முகர்ந்து பார்த்தாள். பிறகு அடுப்புக்குள் போட்டாள்.

"அவங்க பண்ணினது மட்டும் சரியா?" என்று கத்தினேன்.

"சரின்னு யாருடி சொன்னா? நம்மள விஷம்னு சொன்னவங்களுக்கு நீ விஷம் வச்சா அவங்க சொன்னது நெஜமாயிடும்ல? மூளை வேண்டாம்?" என்றாள். அப்புறம் கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "சாப்பாட்டுல கை வச்சே, கையை ஒடிச்சுடுவேன். மத்தபடி நீ என்ன பண்ணினாலும் நான் கேட்கமாட்டேன்."

அந்த மத்தபடி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். யோசித்து முடித்ததும் அம்மாவிடம் சொன்னேன். நம் எண்ணெயில், நம் வாணலியில், அவள் கையால் நறுக்கிய கிழங்கைப் பொரித்து மொத்தப் பள்ளிக்கும் கொடுப்பது. பிரின்சிபால், சங்கத்து ஆட்கள், எல்லோரும் வயிறாரச் சாப்பிட வேண்டும். சிறந்த கடைக்குப் பரிசு கொடுக்கும் நேரத்தில் மைக் முன்னால் சொல்லிவிடுவது, இது அதே கடை எண்ணெய் என்று.

அம்மா அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். ஆனால் விழாவன்று விடிவதற்குள் எழுந்து இரண்டு மூட்டை கிழங்கைத் தோல் சீவி, ஒரே கனத்தில் நறுக்கி, உப்புத் தண்ணீரில் போட்டுவைத்திருந்தாள். எண்ணெய் டின்னில் ஒட்டியிருந்த, அம்மா கடைப் பெயர் எழுதிய சீட்டைக் கிழித்துவிட்டு நான் வாடகை வண்டியில் ஏற்றினேன். வாணலியைத் தூக்கி வைத்தது அம்மா.

கடைகளைச் சோதிக்கிற பொறுப்பு மனையியல் டீச்சருக்கு. நல்ல மனுஷி. போன வருஷம் எனக்கு இரக்கம் காட்டிய ஒரே ஆள். அவர் டின்னைத் திறந்து ஒரு சொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா இருக்கே. எங்க வாங்கினது?"

"மொத்தக் கடையில, டீச்சர்."

அம்மா அதை மொத்தக் கடையில்தான் வாங்கியிருந்தாள். ஆனாலும் அது பொய்தான். அவர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

எங்களுக்குச் சீட்டில் விழுந்தது எட்டாம் நம்பர் இடம், தலைவி வகுப்புக்கு ஏழு. நான் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசி ஆறாம் இடத்துக்கு மாறிக்கொண்டேன். காற்று அந்தப் பக்கமிருந்து வீசியது. பொரிக்கிற வாசனை நேராகத் தலைவியின் கடை வழியாகத்தான் மைதானத்துக்குள் போகவேண்டும். அவளுடைய நூடுல்ஸைத் தேடி வருகிறவன் மூக்கில் என் வறுவல் ஏறட்டும்.

கடை வைத்துப் பிழைக்கிறவர்களுக்குத் தெரிந்த சில விஷயங்கள் தலைவிக்குத் தெரியாது. காலிக் கடைக்கு எவனும் வரமாட்டான். அதனால் முதல் அரைமணி நேரம் எங்கள் வகுப்பிலிருந்தே ஆறு பேரை வரிசையில் நிற்க வைத்தேன். நெட்டச்சியை முன்னால் நிறுத்தினேன், தூரத்திலிருந்தே தெரிவாள் என்று. கூட்டம் குறைகிற மாதிரி இருந்தால் ஒரு கை ஈரக் கிழங்கைப் போடுவேன். சடசடவென்று சத்தம் கேட்டு நான்கு தலை திரும்பும். பத்து மணிக்கு ஆரம்பித்த வரிசை பதினொன்றுக்குத் தண்ணீர்க் குழாயைத் தாண்டிப் போயிருந்தது. காகிதப் பொட்டலம் மடிக்கிறவளுக்கு விரல் வீங்கிப்போனது.

'ஏ' பிரிவில் பலூன் கட்டி, வண்ணத் துணி விரித்து, ஒரே மாதிரி தொப்பி போட்டு ஏழு பேர் நின்றார்கள். வாங்குகிறவர் இல்லை. ஈ ஓட்டினார்கள்.

பிரின்சிபால் வந்தார். ஒரு பொட்டலம் வாங்கி நின்றபடியே தின்றார்.

"மொறுமொறுன்னு இருக்கே! இன்னொண்ணு குடும்மா."

கொடுத்தேன். அந்த வாய் அசைவதைப் பார்க்கப் பார்க்க எனக்குள் என்னவோ குளிர்ந்தது. சாப்பிடுங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மிளகைத் தூவினேன்.

அடுத்து தலைவியின் அப்பா. பருத்த மனிதர், வாய்விட்டுச் சிரிப்பவர். மகள் கடையை எட்டிப் பார்த்துவிட்டு வாசனை பிடித்து என்னிடம் வந்தார். "நம்ம பொண்ணு கோச்சுப்பா, சொல்லிடாதீங்க," என்று கண்ணடித்துவிட்டு இரண்டு பொட்டலம் தின்றார்.

பன்னிரண்டரைக்கு 'ஏ' பிரிவின் அடுப்பு அணைந்தது. சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மாற்று கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. ஒரு மணிக்கு நிர்வாகக் குழுவினர் ஒவ்வொரு கடையாக ருசி பார்த்து மதிப்பெண் போட வரப்போகிறார்கள். எங்களிடம் இரட்டை அடுப்பு. ஒரு பக்கம் சும்மாதான் இருந்தது.

தலைவி வந்தாள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக.

"அந்த ஒரு அடுப்பைக் குடேன். அரைமணி நேரம் போதும்."

"தர்றேன்," என்றேன். "மேடைக்குப் போய் மைக்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. போன வருஷம் முட்டைக் கலவையை வெயில்ல கார்ல வச்சது நீதான்னு."

அவள் முகம் வெளுத்தது. "பைத்தியமா உனக்கு? அது முடிஞ்சு போன விஷயம்."

"உனக்கு முடிஞ்சுது."

சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சரி, உங்கம்மாகிட்ட தனியா வந்து மன்னிப்புக் கேட்கிறேன். போதுமா?"

"எங்கம்மா பேர் தனியாவா நாறுச்சு? போர்டுல எழுதி ஒட்டினாங்கல்ல?"

"எண்ணெய்க்கு இவ்வளவு திமிரா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நெட்டச்சி என் காதருகே குனிந்தாள். "குடுத்துத் தொலையேன். என்ன போச்சு?"

"நீ பொட்டலத்தைப் பாரு."

ஐந்து நிமிஷத்தில் தலைவி பிரின்சிபாலைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் நிர்வாகக் குழுவினர் இரண்டு பேர், மனையியல் டீச்சர். தலைவியின் அப்பா அதற்குள் மூன்றாவது பொட்டலத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

"அடுப்பு சும்மா இருக்கு, தரமாட்டேங்கிறா மேடம். கெஞ்சிக் கேட்டும் தரலை," என்றாள் தலைவி. கண்ணில் நீர்கூட வரவழைத்திருந்தாள்.

"ஏம்மா இப்படி? நம்ம பள்ளியில இதைத்தான் சொல்லித் தர்றோமா?" என்றார் பிரின்சிபால்.

பரிசு நேரம்வரை பொறுக்கவேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். பொறுமை அங்கேயே தீர்ந்துவிட்டது. கரண்டியை வைத்தேன்.

"வறுவல் எப்படி மேடம் இருந்துச்சு?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நல்லாத்தான் இருந்துச்சு."

"இது எங்கம்மா கடை எண்ணெய். வாணலியும் அவங்க கடையோடது. கிழங்கு நறுக்கினதும் அவங்கதான். நீங்க ரெண்டு பொட்டலம் சாப்பிட்டீங்க. காலையிலேருந்து எல்லாரும் இதைத்தான் சாப்பிடறாங்க. யாருக்காவது வயித்தைக் கலக்குதா?"

வரிசை அப்படியே உறைந்தது. யாரோ ஓர் அம்மா வாயில் இருந்ததைக் கைக்குட்டையில் துப்பினார். எல்லாம் தலைகீழாகப் போகிறதோ? தலைவி சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா மேடம்! தடை பண்ணினதைத் திருட்டுத்தனமா உள்ள கொண்டு வந்திருக்கா! போன வருஷம் மாதிரி ஏதாவது ஆச்சுன்னா?"

"போன வருஷம் வாந்தி எடுத்த ஏழு பேரும் வறுவல் சாப்பிடலை, முட்டை பன் சாப்பிட்டாங்க," என்றேன். பிரின்சிபாலிடம் சொல்லிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் தலைவியின் அப்பா பக்கம் திரும்பினேன். "அந்த முட்டைக் கலவை மூணு மணி நேரம் உங்க கார் டிக்கியில வெயில்ல கிடந்துச்சு, அங்கிள். நான்தான் இறக்கினேன்."

அவர் விழித்தார். யோசித்தார். அந்த மனிதருக்கு நினைப்பதற்கும் பேசுவதற்கும் நடுவில் கதவு கிடையாது.

"முட்டையா? என் கார்லயா? ஏம்மா, பால் கொட்டிடுச்சுன்னுதானே சொன்னே? ஒரு வாரம் கூமுட்டை நாத்தம் அடிச்சுதே, ரெண்டு தடவை கழுவக் குடுத்தேனே!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. கையில் இருந்த காலிப் பொட்டலத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். வரிசையில் பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு குழாயடிவரை போனது.

தலைவி அழ ஆரம்பித்தாள். இந்தத் தடவை வரவழைத்த கண்ணீர் இல்லை. மூக்கு ஒழுக, தொப்பி சரிய அழுதாள். நான் ஒரு இமைகூடக் கொட்டாமல் பார்த்தேன்.

"இதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்," என்றார் பிரின்சிபால்.

"போன வருஷம் அப்புறம் பேசலையே மேடம். அன்னைக்கே எங்கம்மாவைக் கூப்பிட்டீங்களே."

அவர் கடையை மூடச் சொன்னார். விதியை மீறியதற்காக எங்கள் வகுப்பைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். மனையியல் டீச்சரை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். போகும்போது அவர் என்னைப் பார்த்தார். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்றார். அவ்வளவுதான். அன்று நடந்ததில் என்னைக் குத்தியது அது ஒன்றுதான். இன்றும் குத்துகிறது.

நெட்டச்சி கையிலிருந்த துணியை என் முன்னால் போட்டாள். "பரிசு நமக்குத்தான்னு எல்லாரும் சொன்னாங்க. எங்களை வச்சு உன் வஞ்சத்தைத் தீத்துக்கிட்டே, இல்ல?"

அவள் சொன்னது உண்மை. நான் வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானமே கடைக்குப் போனேன். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கார் நாறிய இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதைத் திரும்பச் சொல்லு. அவங்கப்பனே சொன்னானா?"

"அவரேதான்."

"எப்படிச் சொன்னான்? அப்படியே சொல்லு."

சொன்னேன். மூன்று தடவை சொல்ல வைத்தாள். மூன்றாவது தடவை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வருஷம் கழித்து அவள் சிரித்துப் பார்த்தேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அந்தப் பொண்ணு அழுதுச்சா?"

"அழுதா."

"நல்லா அழுதாளா?"

"நல்லா."

"ம்," என்று எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள்.

திங்கட்கிழமை காலை, தலைவி நடைக்கூடத்தில் வந்தபோது, "கூமுட்டை வருது, வழி விடுங்க," என்று முதலில் சொன்னவள் நான்தான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மதியத்துக்குள் அது பள்ளி முழுவதும் பரவிவிட்டது. முதல் பெஞ்சுக்கு மூக்கைப் பிடிப்பது ஏற்கெனவே பழக்கம், ஆள்தான் மாறியது. அவளிடமிருந்து பதவிப் பட்டையை வாங்கிக்கொண்டார்கள். அவள் கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

இரண்டு வாரம் கழித்துக் கைகழுவும் இடத்தில் என்னைத் தனியாகப் பிடித்தாள். மெலிந்திருந்தாள்.

"அந்தப் பேரை வச்சது நீதானே?"

"ஆமா."

"தினம் காலையில வயித்து வலின்னு சொல்லி வீட்டுலயே இருக்கலாமான்னு தோணுது. நிறுத்தச் சொல்லேன். நீ சொன்னா நிறுத்துவாங்க."

அவள் சொன்னது சரி. நான் சொன்னால் நிறுத்துவார்கள். அந்த வயிற்று வலி எனக்கும் தெரியும். எந்த மணிக்கு வரும், எந்தப் பாடத்தில் குறையும் என்பதுகூடத் தெரியும். ஒரு கணம் சரி என்ற சொல் வாய் வரை வந்தது. "பாக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழாயை மூடிவிட்டுப் போனேன். இதுவரை பார்க்கவில்லை.

அறிவிப்புப் பலகையிலிருந்து அந்தத் தாளைக் கிழித்துவிட்டார்கள். காலை இடைவேளைக்கு மறுபடியும் வறுவல் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பிரின்சிபாலின் கையெழுத்தோடு கடிதம் வந்தது. வருந்துகிறோம் என்று ஒரு வரி அதில் இருந்தது. அம்மா அதை இரண்டு தடவை படித்துவிட்டுத் தேயிலை டப்பாவுக்கு அடியில் வைத்தாள். பள்ளியிலிருந்து ஆள் வந்து கேட்டார். "யோசிச்சுச் சொல்றேன்," என்றாள். இரண்டாம் தடவை வந்தார். "கைவேலையா இருக்கேன்," என்றாள். யோசிக்க அவளுக்கு ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

எட்டு நாள் போனது. ஒன்பதாம் நாள் காலை நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது கூப்பிட்டாள்.

"போய்ச் சொல்லிடு. தர்றோம்னு."

சரி என்று தலையாட்டினேன். தெருவைக் கடந்து பள்ளிக்குள் போனேன். அலுவலகத்தைக் கடக்கும்போது ஜன்னல் வழியாகப் பிரின்சிபால் தலையை நிமிர்த்தி, என்னிடம் ஏதாவது பதில் இருக்குமா என்று பார்த்தார். வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். மறுநாள்தான் சொன்னேன்.